அந்தப் பையனைப் பற்றி ஐந்து பேருக்குத் தெரிந்திருந்தது: இரண்டு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், ஆசிரியர் கல்விப் பாடத்திட்டத்தை வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் வட மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. பணிக்கு வந்து 21 ஆண்டுகள் ஆகின்றன. ஒரே கடிதத்தை எல்லோருக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாக எழுதினால், "இது அந்தத் துறையைச் சேர்ந்தது" என்று ஒருவர் குறிப்பெழுத, இன்னொருவர் அதைத் திருப்பி அனுப்ப, கடிதம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடந்தே தேய்ந்துவிடும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதுதான் நடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. அம்மா செங்கல் சூளை வேலைக்கு ஊரைவிட்டுப் போயிருந்தார். அப்பா இல்லை. பாட்டியோடு இருந்தான். அந்த ஆண்டு ஆடி மாதத்துக்கு அப்புறம் அவனிடம் ஏதோ மாறியது. எங்கள் சத்துணவு அமைப்பாளர் அக்கா அதை முதலில் கவனித்தார். தட்டில் விழுந்த முட்டையை அவன் தொடுவதே இல்லை, பக்கத்துப் பையன் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போகிறான். கணக்கு ஆசிரியருக்குத் திங்கட்கிழமைதோறும் அவன் வராதது தெரியும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போய், திரும்பி வர மனமில்லாமல் சூளையிலேயே உட்கார்ந்துவிடுவான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கபடி அணியிலிருந்து அவன் தானாக விலகியபோது பி.டி. சார் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். முழுக்கைச் சட்டையை மடக்கச் சொன்னதில் கையில் கீறல்கள். முள்வேலி கிழித்தது என்றான். சார் நம்பினார், அல்லது நம்பியதாக நினைத்துக்கொண்டார். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. வண்டியின் மருத்துவர், போன ஆண்டைவிட எடை குறைந்திருப்பதைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று தெரியும். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் தன் பெயரை எழுதி எழுதி அடித்திருந்தான். பக்கம் முழுக்க. நான் அதைப் பார்த்தேன், மூடினேன், மதிப்பெண் போட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.

ஐந்து பேருக்கு ஐந்து விஷயம் தெரிந்திருந்தது. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. சாப்பிடாத பிள்ளைகள் உண்டு, லீவு போடும் பிள்ளைகள் உண்டு, நோட்டில் கிறுக்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? ஐந்தையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். அப்படி ஒரு மேசை எங்களிடம் இல்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு இரவு அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். பிழைத்துக்கொண்டான். மறுநாள் மருத்துவமனை வராண்டாவில் நாங்கள் நின்றிருந்தோம். சத்துணவு அக்கா முட்டையைப் பற்றிச் சொன்னார். பி.டி. சார் கீறலைச் சொன்னார். நான் நோட்டைச் சொன்னேன். எங்கள் பள்ளியில் மாணவர் மனநலம் பற்றி நடந்த முதல் கூட்டுக் கூட்டம் அதுதான், ஆஸ்பத்திரி பினாயில் வாசனையில், நின்றுகொண்டே.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

மருத்துவமனையிலிருந்து தகவல் காவல் நிலையத்துக்குப் போனது. அது வழக்கம். ஒரு காவலர் விசாரிக்க வந்தார், சீருடையில், பிரேயர் நேரத்தில். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் கடுமையானவர் இல்லை. அவனுடைய பாட்டியிடம் பணிவாகத்தான் பேசினார். மஃப்டியில் வர வேண்டும், பள்ளி விட்ட பிறகு வர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் அது யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளியில் நான் யார் என்று அவருக்கும் தெரியாது.

பையன் பத்து நாளில் பள்ளிக்கு வந்தான். வந்ததிலிருந்து முதல் பீரியடில் தூங்கினான். அப்போது புதிதாக மாறுதலில் வந்திருந்த ஒரு ஆசிரியர் அவனை வெளியே நிற்க வைத்தார். ஒருநாள் இல்லை, பல நாள். அவருக்கும் எதுவும் தெரியாது. ரகசியம் காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நாங்கள்தான் அவரிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அவனுடைய பாட்டி மஞ்சப்பையில் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்கு பாரும்மா." ஆங்கிலத்தில் இருந்தது. நோயின் பெயர் ஓரளவு புரிந்தது. மாத்திரைக்குப் பக்கத்தில் "எச்.எஸ்." என்று இருந்தது எனக்குப் புரியவில்லை. கடைத்தெரு மருந்துக் கடைக்காரரிடம் போட்டோ அனுப்பிக் கேட்டேன். "படுக்கப் போகும்போது" என்று அர்த்தமாம். பாட்டி அதை மூன்று வாரமாகக் காலையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மாத்திரையை எழுதிய மனநல மருத்துவரை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் நல்லவர், பொறுமையாகப் பேசினார் என்றார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், அன்று அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் வேலையை அவர் செய்தார். வகுப்பில் தூங்கக் கூடாது என்று சொன்னவரும் தன் வேலையைத்தான் செய்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு போயிருந்தால் போதும்: "இரவு மாத்திரை, காலையில் கொஞ்சம் அசதி இருக்கும், அதட்ட வேண்டாம்." நோயின் பெயர்கூட வேண்டாம்.

அவன் பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் அவன் பெயர், எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் "காமன் பூல்" பக்கம் போய்விட்டது. அந்தச் சொல்லை யார் வைத்தார்களோ, சில நாள் அதைப் பார்க்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. அவன் உயிரோடு இருக்கிறான், அம்மாவோடு இருக்கிறான், படிக்கவில்லை.

சரி, இனி உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய். எங்கள் பள்ளிச் சுவரில் இடமில்லாத அளவுக்கு எண்கள் எழுதியிருக்கின்றன. குழந்தைகள் உதவிக்கு 1098, உடல்நல ஆலோசனைக்கு 104, கல்வி வழிகாட்டிக்கு 14417, மனநலத்துக்கு 14416. பிள்ளைகள் குறையை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்கிறது. மாவட்டந்தோறும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அதில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று ஒரு குழுவே உண்டு. குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆலோசகர் இருக்கிறார். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார். பட்டியல் போட்டால் ஒரு பிள்ளையைச் சுற்றி பத்துப் பேர் நிற்கிறார்கள். பத்துப் பேருக்கும் தனித்தனியே பயிற்சியும் கொடுக்கிறீர்கள். சேர்ந்து வேலை செய்ய யாருக்கும் பயிற்சி கொடுத்ததில்லை. என் குறை இது ஒன்றுதான்.

எங்கள் பயிற்சி எப்படி நடக்கும் என்று உங்கள் அறையிலிருந்து பார்த்தால் தெரியாது, அதனால் சொல்கிறேன். சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் வந்து மாவட்டக் கருத்தாளர்களுக்கு. அவர்கள் வட்டாரத்தில் எங்களுக்கு. மூன்று முறை வடிகட்டிய டிகாக்‌ஷன் மாதிரி கடைசியில் எங்களுக்கு வரும்போது நிறம் மட்டும் இருக்கும். வளரிளம் பருவத்தினர் மனநலம் என்ற தலைப்பில் நான் நான்கு பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். நான்கிலும் கருத்தாளர் எங்களைப் போன்ற ஆசிரியர்தான். நான்கிலும் மூளையின் படம் இருந்தது. நான்கிலும் "அன்பாகப் பேசுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள்" என்றார்கள். கேட்ட பிறகு யாரிடம் போக வேண்டும் என்று ஒரு பயிற்சியிலும் சொல்லவில்லை. அந்த அறையில் ஒரு உளவியலாளரோ செவிலியரோ உட்கார்ந்திருந்ததில்லை. மதியம் சாம்பார் சாதம், நாலு மணிக்குப் பின்னூட்டப் படிவம், பேனரோடு குரூப் போட்டோ. முடிந்தது.

அந்தப் பக்கமும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். மாவட்ட மனநலக் குழுவில் இருந்த ஒரு சமூகப் பணியாளரோடு ஒருமுறை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச நேர்ந்தது. "பள்ளிக்குப் போனால் ஹெச்.எம். அறையில் டீ கொடுப்பார்கள், அப்புறம் ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் மரத்தடியில் உட்கார வைத்து மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள், முந்நூறு பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது?" என்று கேட்டார். ஒரு பிள்ளையையும் தனியாகப் பார்க்க முடிந்ததில்லையாம். நாங்கள் அவரை விழாவுக்கு வந்த விருந்தினராகப் பார்க்கிறோம். எங்களோடு வேலை செய்ய வந்தவர் என்று எங்களுக்குத் தோன்றுவதில்லை, ஏனென்றால் எங்களுக்கு அவரை யாரும் அப்படி அறிமுகப்படுத்தியதில்லை.

மொழியும் ஒரு தடைதான். நாங்கள் "அடங்காதவன்" என்று சொல்லும் பையனை மருத்துவர் கவனக்குறைபாடு என்று எழுதுவார். ஆலோசகர் "வீட்டில் பாதுகாப்பில்லை" என்பார். காவல் நிலையத்தில் அவனே "சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்". ஒரே பையன்தான். இன்னொன்று, "கவுன்சலிங்" என்று சொன்னாலே எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோர் காதும் விடைக்கும், இடமாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வந்துவிட்டதோ என்று. பிள்ளைகளுக்கோ அது பிளஸ் டூ முடித்துப் பொறியியல் சேரப் போகும் இடம். மனசைத் திறந்து பேசுவது என்ற அர்த்தம் மூன்றாவதாகத்தான் வருகிறது.

இந்த நேரத்தில் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், சுக்தேப் சாஹா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், மாணவர் மனநலம் குறித்து 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணத்திலிருந்து வந்த வழக்கு அது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதியான ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும், அதற்குக் குறைந்த இடங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான பரிந்துரைத் தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஆசிரியர்கள் மட்டுமில்லாமல் ஆசிரியரல்லாத பணியாளர்களும் சேர்ந்து, ஆண்டுக்கு இரண்டு முறையாவது, சான்று பெற்ற மனநல வல்லுநர்களிடமே பயிற்சி பெற வேண்டும். அறிகுறிகளை அடையாளம் காண்பது, உளவியல் முதலுதவி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் நடந்துகொள்வது, மேலே அனுப்பும் வழி, எல்லாம் அதில் வர வேண்டும்.

ஆசிரியரல்லாத பணியாளர் என்றால் எங்கள் சத்துணவு அக்காவும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்றுதான் நான் படிக்கிறேன். அவர் வேறு துறை ஆள் என்று யாராவது கணக்குச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்பதை எங்கள் எல்லோரையும்விட முதலில் பார்ப்பவர் அவர்தான்.

ஆண்டுக்கு இரண்டு நாள் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என் பயம், அது ஐந்தாவது மூளைப் படமாகிவிடும் என்பது. 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கும் மாநிலம். இவ்வளவு பேருக்குப் பயிற்சி என்றதும் காணொளி தயாரித்து, இணைப்பை அனுப்பி, பார்த்து முடித்தவருக்குச் சான்றிதழ் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கோப்பு எழுதத் தொடங்கியிருப்பார்கள். வேண்டாம். நாங்கள் அந்தக் காணொளியை ஓட விட்டுவிட்டு விடைத்தாள் திருத்துவோம். உண்மையைச் சொல்கிறேன்.

அந்த இரண்டு நாட்களில் ஒன்றையாவது கூட்டுப் பயிற்சியாக நடத்துங்கள். குறுவள மையம் என்ற அளவில் போதும், ஏழெட்டுப் பள்ளிகள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர். அதே அறையில் அந்தப் பகுதிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவர், மாவட்ட மனநலக் குழுவிலிருந்து ஒருவர், வட்டாரச் சிறப்பாசிரியர், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆலோசகர், அந்த எல்லைக் காவல் நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர். விரிவுரை வேண்டாம். ஒரு பிள்ளையின் கதையைக் கொடுங்கள், என் பையனுடைய கதையையே வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுத் தகவல் மட்டும் கொடுத்து, கேட்டால்தான் கிடைக்கும் என்று விடுங்கள். யார் யாரிடம் கேட்கிறார்கள், யார் கேட்காமலே முடிவுக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எங்கள் வண்டவாளம் எங்களுக்கே தெரிந்துவிடும். போகும்போது எல்லோர் செல்பேசியிலும் மற்றவர்களின் எண் இருக்கும். சுவரிலிருக்கும் எண்ணைவிட அது பல மடங்கு பெரிது. முகம் தெரிந்தவருக்குத்தான் நாம் தயங்காமல் போன் செய்வோம்.

அந்த அறையில் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று, யாரிடம் எதைச் சொல்லலாம் என்பது. இதை எங்களுக்கு யாருமே சொல்லித் தருவதில்லை. அதனால் எங்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் ஆசிரியர் அறையில் போட்டு உடைக்கிறோம். "அந்தப் பையன் மெண்டல் டாக்டர்கிட்ட போறானாமே" என்ற வாக்கியம் எங்கள் ஆசிரியர் அறையில் பேசப்பட்டது, நான் இருக்கும்போதே. மீதிப் பேர் பயந்து வாயே திறப்பதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை அவருடைய உரிமையாக வைக்கிறது. போக்சோ சட்டமோ, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம் என்கிறது. ஒரு பிள்ளை வந்து, "டீச்சர், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டும்போது இந்த இரண்டு சட்டமும் ஒரே நேரத்தில் என் முன்னால் நிற்கின்றன. அப்போது என்ன வாக்கியம் பேச வேண்டும்? ஆலோசகர்களுக்கு அது தெரியும், பழக்கமும் இருக்கும். எங்களுக்கு அவர்கள் பேசிக் காட்ட வேண்டும், நாங்கள் பேசிப் பழக வேண்டும். புத்தகத்தில் படித்து வராது.

இந்த மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவையும் காவலர்களும் நாங்களும் சேர்ந்தே படிக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அது. மறுவாழ்வு என்ற சொல்லைப் படித்தபோது நான் அந்த முதல் பீரியடைத்தான் நினைத்துக்கொண்டேன். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மறுவாழ்வு நடக்கும் இடம் வகுப்பறையில்லாமல் வேறெது?

திரும்பி வரும் சீட்டு ஒன்று வேண்டும். நாங்கள் மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதம் ஒருவழிப் பாதையாக இருக்கிறது. பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதத்தோடு, அரைப் பக்கம், தமிழில், மூன்று கேள்விக்கு மட்டும் பதில்: பள்ளியில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, எதைக் கண்டால் உடனே கூப்பிட வேண்டும். நோயின் பெயர் அதில் வேண்டாம். மருத்துவருக்கு நேரமில்லை என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செவிலியர் எழுதலாம். தயவுசெய்து இதற்கும் எமிஸில் ஒரு கட்டம் வைத்துவிடாதீர்கள். அங்கே வைத்தால் அது தகவலாக இருக்காது, நிரப்ப வேண்டிய இன்னொரு படிவமாகிவிடும்.

பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு உண்மையான நம்பிக்கை இருப்பது இங்கேதான். என்னைப் போல் 21 ஆண்டு தனியாக வகுப்பெடுத்துப் பழகியவர்களை மாற்றுவது கடினம். எங்கள் பள்ளிக்கு ஒவ்வோர் ஆண்டும் பி.எட். பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். 2015-லிருந்து அது இரண்டு ஆண்டுப் படிப்பு, பள்ளியில் இருக்கும் காலமும் முன்னைவிட அதிகம். பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து சமூகப் பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்கு வருகிறார்கள். செவிலியர் கல்லூரிப் பெண்கள் கைகழுவுவது எப்படி என்று செய்து காட்ட வருகிறார்கள். மூன்று கூட்டமும் சில மாதங்களில் ஒரே வாரத்தில் எங்கள் வளாகத்தில் இருக்கும். பி.எட். பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதுவார்கள். எம்.எஸ்.டபிள்யூ. பிள்ளைகள் மரத்தடியில் அறிக்கை எழுதுவார்கள். ஒரே வயது, ஒரே டீக்கடை. பேசிக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் இருவருடைய கையெழுத்துப் பதிவேடும் வேறு வேறு.

இவர்களை ஒரே ஒரு வேலையில் சேர்த்து விடுங்கள். ஒரு பி.எட். மாணவர், ஒரு சமூகப் பணி மாணவர், ஒரு செவிலியர் மாணவி, மூவரும் சேர்ந்து வருகைப் பதிவேட்டில் அடிக்கடி விடுபடும் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய் வந்து, மூவரும் சேர்ந்து ஒரே அறிக்கை எழுத வேண்டும். மூவருக்கும் அதற்கு மதிப்பெண். தனித்தனி அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. கூடுதல் செலவு என்று பார்த்தால் பேருந்துக் கட்டணம்தான். முதுகலை மனநல மருத்துவம் படிப்பவர்களையும் ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பலாம், மேடைப் பேச்சுக்கு இல்லாமல், கடைசி பெஞ்சில் உட்கார. ஐம்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் "தனிக் கவனம் தேவை" என்று எழுதுவதற்கு முன் அந்த ஐம்பதைப் பார்த்திருக்க வேண்டும். நாங்களும் அரைநாள் புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்புறம் மருத்துவர் ஐந்து நிமிடம்தான் பேசினார் என்று குறை சொல்ல மாட்டோம்.

ஒருவர் கையில் நூல் இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோர் வேலை என்றால் யார் வேலையும் இல்லை. நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், ஐந்நூறுக்கு மேல் மாணவர் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தைப் பரிந்துரைத்தது. பணியிடம் வரும்போது வரட்டும். அதுவரை ஒரு ஆசிரியருக்கு வாரம் நான்கு பீரியடைக் குறைத்து இந்த வேலையைக் கொடுங்கள். குறைக்காமல் கொடுத்தால் அது தண்டனை.

நாங்குநேரியைச் சொன்னதால் ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டு மனம் உடைந்த பிள்ளைக்கு "மன அழுத்த மேலாண்மை" வகுப்பெடுத்து அனுப்பிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. மூச்சுப் பயிற்சியால் தீராத காரணங்கள் உண்டு. அம்மா சூளையில் இருப்பதும் அப்படித்தான். அந்தக் கூட்டு மேசையில் ஆதிதிராவிடர் நலத் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும்கூட ஒரு நாற்காலி சில நாள் தேவைப்படும். மனநல வல்லுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைக்குள்ளே மட்டும் தேடாதீர்கள் என்று.

எவ்வளவு பிள்ளைகளுக்காக இவ்வளவு என்று யாராவது கேட்கலாம். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுக்குள் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது. அந்தக் கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர். நான் தினமும் ஐந்து வகுப்புக்குப் போகிறேன்.

கடைசியாக, ஒரு சின்ன ஏற்பாட்டுக்கு உங்கள் இருவரின் கையெழுத்தும் தேவைப்படுகிறது. ஆர்.பி.எஸ்.கே. வண்டி ஒவ்வொரு பள்ளிக்கும் வரும் நாளை முன்கூட்டியே முடிவு செய்கிறீர்கள். அதே நாளில் மாவட்ட மனநலக் குழுவிலிருந்து ஒருவரையும் அந்த வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். வண்டி ஏற்கெனவே வருகிறது, டீசலும் ஏற்கெனவே போடுகிறீர்கள். எங்கள் பள்ளியில் பி.டி. சாரும் சத்துணவு அக்காவும் நானும் கணக்கு ஆசிரியரும் மதியம் மூன்று மணிக்கு மேல் உட்காரத் தயார். பத்தாம் வகுப்பு பி பிரிவு அறை அப்போது காலியாக இருக்கும், மின்விசிறி ஓடும், மேசையும் இருக்கிறது.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர்